ஏலகிரிக்கு ஒரு குறுக்குவழி

"மதி, மேப் என்ன சொல்லுது?"

ரோட்டை விட்டுக் கண்ணெடுக்காமல் கேட்டார் ஞானசேகரன். கார் இன்னும் வீடு இருக்கும் சேக்காட்டையே தாண்டவில்லை.

"ரைட்ல திரும்பச் சொல்லுதுப்பா," என்றாள் பின்சீட்டில் இருந்த மகள் மதிவதனி. இரண்டு காதிலும் இயர்போன்.

"ஏலகிரி மேற்கால இல்ல இருக்கு? இது அம்பத்தூர் போற ரோடாச்சே," என்றாள் மனைவி யுவராணி, புளியோதரை டப்பாவை மடியில் வைத்தபடி.

"மேப்பைவிட உனக்குத் தெரியுமா? அது சேட்டிலைட்ல பார்த்துச் சொல்லுது."

ஐ.டி. கம்பெனியில் புதிதாகச் சேர்பவர்களுக்கு 'தொழில்நுட்பத்தை நம்பு' என்று வகுப்பெடுப்பவர் அவர். பாதி வகுப்பில் புரொஜெக்டர் நின்றுபோகும். அவர் நம்பிக்கை நிற்காது. மறுநாள் மதி ஓசூர்ப் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்கிறாள். அங்கே டேர்ம் கிடையாது, செமஸ்டர். அந்த வார்த்தையைச் சொல்லும்போதே அவர் அரை அங்குலம் வளர்வார். அதற்குமுன் குடும்பத்தோடு ஒருநாள் ஏலகிரி.

"ஆக்னஸையும் ஜெபாவையும் ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடறேன்ப்பா," என்று மதி தன் தோழிகளுக்காக ஒரு வாரமாகக் கெஞ்சியிருந்தாள்.

"வாட்ஸப்ல பை சொல்லு. ஏலகிரிவரைக்கும் ஸ்டாப்பிங் கிடையாது."

இன்று முழுக்கப் போனைத் தொடுவதில்லை என்று சபதம் வேறு. காலையில் மேப்பில் ஏலகிரியைத் தட்டி, "என் போன் உன் பொறுப்பு," என்று மதியிடம் ஒப்படைத்திருந்தார்.

அம்பத்தூரில் தெரு சந்தானது, சந்து முட்டுச்சந்தானது. ரிவர்ஸ் எடுத்ததில் ஒரு வீட்டு வாசலில் ரோஜாத் தொட்டி உடைந்தது. அடி வாங்கத் தயாராக இறங்கினார். உள்ளேயிருந்து ஓடிவந்த பெண் அவரைத் தாண்டிப்போய் மதியைக் கட்டிக்கொண்டாள்.

"உன்னைப் பார்க்காமலே போயிடுவேன்னு நினைச்சேன் ஆக்னஸ்."

"போயிருந்தா கொன்னிருப்பேன்டி."

தொட்டியை உடைத்தவருக்கு அந்த வீட்டில் காபி கொடுத்து அனுப்பினார்கள்.

"என்ன ஒரு தற்செயல்," என்றாள் யுவராணி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"தற்செயலா? அல்காரிதம்மா அது. மனசைப் படிச்சிடும்."

மனசைப் படித்த அல்காரிதம் அடுத்து சென்னீர்குப்பத்தில் தோண்டிப் போட்ட ஒரு தெருவில் காரைச் சேற்றுக்குள் இறக்கியது. ஆட்டோ ஓட்டும் டில்லிபாபு வந்து குனிந்து பார்த்தார்.

"எங்க சார் போணும்?"

"ஏலகிரி."

"இப்டிக்காவா?" டில்லிபாபு லுங்கியை மடித்துக் கட்டினார்.

கூடத் தள்ள எதிர்வீட்டிலிருந்து வந்தவள் ஜெபா. மதியைப் பார்த்ததும் தள்ளுவதை விட்டு அழ ஆரம்பித்தாள். கார் வெளியே வருவதற்குள் ஆட்டோ சீட்டில் புளியோதரை டப்பா காலியானது. வெயிலும் சாய்ந்துவிட்டது. ஏலகிரியை விட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

வழியில் மதி முன்னால் சாய்ந்து அவர் தோளில் முகம் வைத்தாள். "தேங்க்ஸ்ப்பா. இனிமே ஹாஸ்டலுக்குப் போக எனக்குப் பயமில்ல."

ஞானசேகரன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பெருமையை அடுத்தவருக்கு விட்டுக்கொடுத்தார்.

"எனக்கு எதுக்குடா தேங்க்ஸ்? மேப்புக்கு அஞ்சு ஸ்டார் போடு."

வீட்டுக் கதவைத் திறந்தது, பாத்திரம் தேய்க்கும் பார்வதம்.

"வந்துட்டியா சார்? உன் போனு சார்ஜர்ல குந்திகினு, நான் வந்ததுலேர்ந்து ஏலகிரிக்கு நேராப் போ, நேராப் போன்னு ஒரே தொல்லை. இவ்ளோ பாத்திரம் கெடக்கசொல்ல நான் எங்க சார் போறது?"