பரோட்டாவுக்காகக் கடல் நீந்தியவன்

எந்த டாக்டருக்காகவும் எண்ணெய் பரோட்டாவை விடுவதில்லை என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே தீர்மானம் எடுத்தேன். சும்மா இல்லை. கையில் மருந்துச் சீட்டோடு, நெஞ்சை நிமிர்த்தி, தொப்பையை உள்ளே இழுத்து எடுத்த தீர்மானம். நான் விருதுநகரில் பிறந்து வளர்ந்தவன். பரோட்டாவை எண்ணெயில் பொரித்துத் தின்னத் தெரியாத ஊர்க்காரர்கள் எல்லாம் வந்து எனக்குப் புத்தி சொல்வதா? டாக்டருக்குச் சொந்த ஊர் கோயம்புத்தூர். அவருக்கு என்ன தெரியும்?

அவர் சொன்னது இவ்வளவுதான். சர்க்கரை ஏறிக் கிடக்கிறது. கொழுப்பு அதைவிட ஏறிக் கிடக்கிறது. தினமும் நடக்க வேண்டும். ராத்திரி பரோட்டா கூடவே கூடாது. இதை என்னைப் பார்த்துச் சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். மனுஷன் என் மனைவி நசிமாவைப் பார்த்துச் சொல்லித் தொலைத்தார்.

என் பெயர் சாபிர். வயது நாற்பத்தேழு. சிவகாசி காலண்டருக்கு ஆர்டர் பிடிக்கிற தொழில். ஆடிப் பதினெட்டுக்குப் புது வருடத்து மாதிரி ஆல்பம் வந்துவிடும். அதைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறுவேன். "இதைவிட என்ன சார் உடற்பயிற்சி?" என்று டாக்டரிடம் கேட்டேன்.

"நடந்தா போறீங்க?" என்றார்.

"பைக்கில" என்றாள் நசிமா.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொள்வாள் என்று பயந்தேன். அவள் பாட்டுக்கு இட்லிக்கு மாவாட்டினாள். மறுநாள் காலையில் இட்லியை வைத்துவிட்டு, உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்வது போலச் சொன்னாள்.

"மச்சான், நான் மலேசியாவுக்குப் போறேன்."

"யாரு வீட்டுக் கல்யாணம்?"

"கல்யாணம் இல்ல, போட்டி. கடல்ல நீந்தி, கரையேறி சைக்கிள் மிதிச்சு, அதுக்குப் பொறவு ஓடணும். நடுவுல உக்காரக் கூடாது. டிரையத்லான்னு பேரு. உலகத்துல எல்லா ஊருல இருந்தும் வாராக. நம்ம பர்ஹத்து ஃபோன்லயே பேரைப் பதிஞ்சு விட்டுட்டா."

பர்ஹத் எங்கள் மகள். சென்னையில் வேலை பார்க்கிறாள். ஆத்தாளுக்கும் மகளுக்கும் ஃபோனில் என்ன பேச்சோ, எனக்குத் தகவல் வரும்போது காரியம் முடிந்திருக்கும்.

"எம்புட்டு தூரம்?"

"ஒன்றரை கிலோமீட்டர் நீச்சல். நாப்பது சைக்கிள். பத்து ஓட்டம்."

"ஏ புள்ள, நீ கறிக்கடைக்கே ஆட்டோவுலதானே போற!"

"அதுக்குத்தான் பயிற்சி. நாளைக்கு விடியக்காலம் பைபாஸ் ரோட்டுல ஆரம்பிக்கிறேன்."

"தனியாவா?"

"நீங்க வந்தீகன்னா துணையா இருக்கும். முடியாதுன்னா விடுங்க. யாராவது கேட்டா, எங்க மச்சானால ஓட முடியாதுன்னு சொல்லிக்கிறேன்."

யாராவது என்றால் யார்? அடுத்த வீட்டு அழகுராஜா அண்ணாச்சிதான். மல்லாங்கிணற்றில் தோட்டமும் கிணறும் வைத்திருக்கிறவர். டவுனில் வீடு. வாயில் ஒலிபெருக்கி. அவர் காதில் விழுந்தால் அருப்புக்கோட்டை வரைக்கும் கேட்கும்.

அந்த நிமிடத்தில் என் மூளை வேலை செய்தது பாருங்கள், அதற்கே எனக்கு மெடல் தர வேண்டும். இவள் ஒரு வாரம் தாங்குவாளா? மாட்டாள். மாட்டாதவளிடம் பந்தயம் கட்டினால் என்ன?

"சரி, நானும் வாரேன். ஆனா ஒரு பந்தயம். யாரு முதல்ல 'முடியலை'ன்னு சொல்றாகளோ அவுக தோத்தாக. நீ சொன்னா, ஆயுசுக்கும் எனக்கு ராத்திரி பரோட்டா. வாயைத் தொறக்கக் கூடாது."

"நீங்க சொன்னா?"

"சொன்னாத்தானே!"

"சொன்னா, ஆயுசுக்கும் பரோட்டாக் கடை இருக்கிற தெருவுல கூடப் போகக் கூடாது. போட்டி முடியிற வரைக்கும் ரெண்டு பேருக்குமே பரோட்டா கிடையாது. சம்மதமா?"

"சம்மதம்!" என்றேன். ஒரு வாரம்தானே.

முதல் நாள் தெருமுனை வரைக்கும் ஓடினேன். நெஞ்சுக்குள் பத்தாயிரம் வாலா வெடித்தது. நசிமா தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பின்னாலேயே சைக்கிளில் வந்தாள்.

"நீ ஓடலையா?"

"இன்னைக்கு எனக்கு சைக்கிள், உங்களுக்கு ஓட்டம். நாளைக்கு மாத்திக்குவோம்."

மறுநாள் கேட்டேன். "நேத்து எனக்கு மிதி சரியா வரலை மச்சான். இன்னொரு நாள் இப்படியே போவோம். உங்களுக்கு முடியலைன்னா சொல்லுங்க."

முடியலைன்னா சொல்லவா? யாரிடம்? பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினேன். அடுத்த வாரம் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் ஓடினேன். மாற்றிக்கொள்கிற அந்த நாளைக்கு மட்டும் வரவே இல்லை.

சைக்கிள் பயிற்சி இதைவிட அழகு. ஊர் எல்லையில் ஒரு டீக்கடை. அங்கே வந்ததும் அவள் இறங்கிவிடுவாள்.

"நான் இங்கனயே மேடு ஏறிப் பழகுறேன். நீங்க சாத்தூர் வரைக்கும் போயி, ரோடு எப்படி இருக்குன்னு பாத்துட்டு வாங்க. அப்படியே சேவு வாங்கிட்டு வாங்க. அப்பத்தான் நீங்க சாத்தூர் வரைக்கும் போனீகன்னு நான் நம்புவேன்."

சாத்தூர் ரோடு எப்படி இருக்கும்? நேற்று இருந்தது போலவேதான் இருக்கும். ஆனாலும் போனேன், ரோஷக்காரன் இல்லையா? சேவை அவள் தின்றாள். எனக்குக் கேப்பைக் கூழ்.

நீச்சலுக்கு அழகுராஜா அண்ணாச்சி கிணறு. நசிமாவின் ஊர் பெரியபட்டினம். கடற்கரைக்காரி. "எனக்குக் கடல் புதுசா? பயிற்சியெல்லாம் எதுக்கு? ஆனா என்னை அலை இழுத்துட்டுப் போனா யாரு வந்து தூக்குவா? நீங்கதானே? அதுக்கு உங்களுக்கு நீச்சல் தெரிய வேணாமா?" என்றாள். எவ்வளவு நியாயமான பேச்சு! கட்டியவளைக் காப்பாற்றுவதற்காகக் கிணற்றில் குதித்தேன்.

நல்ல மழை பெய்த வருடம். கிணறு நிறையத் தண்ணீர். வட்டக் கிணறு என்பதால் இடது பக்கமாகவே சுற்றிச் சுற்றி நீந்தினேன். நசிமா மேட்டில் உட்கார்ந்து சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டையை எடுத்து வைத்தாள். அண்ணாச்சி பக்கத்தில் குத்தவைத்துச் சிரித்தார்.

"ஏலே சாபிரு, செக்கு மாடு தண்ணிக்குள்ள இறங்கி இப்பத்தாம்லே பாக்கேன்! பொண்டாட்டி போட்டிக்குப் போறா, நீ கிணத்துல சுத்துறியா?"

"பயிற்சியாளர்னா அப்படித்தான் அண்ணாச்சி" என்றேன், கௌரவமாக.

ஆமாம், அதற்குள் நான் என்னைப் பயிற்சியாளர் ஆக்கிக்கொண்டிருந்தேன். வருடா வருடம் என் கடைக்காரர்களுக்கு என் பெயர் போட்ட காலண்டர் ஒன்று கொடுப்பேன். மேலே பூ, அருவி, குழந்தை என்று ஏதாவது படம் இருக்கும். இந்த வருடம் என்ன அருவி வேண்டிக் கிடக்கிறது? சைக்கிளைப் பிடித்து நிற்கிற மாதிரி என்னைப் படம் எடுக்க நசிமாவிடம் சொன்னேன். "கீழே 'சர்வதேச வீராங்கனையின் பயிற்சியாளர்'னு போடணும். நீ மூலையில சின்னதா இருந்தாப் போதும்" என்றேன்.

"எல்லாம் நான் பாத்துக்கிறேன். நீங்க பயிற்சியைக் கவனிங்க" என்றாள் நசிமா. அவளே சிவகாசி அச்சகத்துக்கு ஃபோன் போட்டுப் பேசினாள். இப்படி ஒரு மனைவி யாருக்குக் கிடைக்கும்!

தீபாவளி சீசன் முடிந்ததும் மலேசியா போய் இறங்கினோம். மக்காவுக்கு உம்ரா போனபோது எடுத்த பாஸ்போர்ட் கைகொடுத்தது. அது ஒரு தீவு. பச்சைக் கடல். எங்கே பார்த்தாலும் கம்பி கம்பியாக மனிதர்கள். ஒருத்தனுக்கும் தொப்பை இல்லை. குனிந்து பார்த்தேன், எனக்கும் இல்லை. அது எப்போது போனது என்று எனக்கே தெரியவில்லை.

நம்பர் கொடுக்கிற இடத்தில் நின்றோம். அங்கிருந்த பெண் மைக்கில் கூப்பிட்டாள்: "சாபிர்! இந்தியா!"

"பயிற்சியாளரை எல்லாம் மைக்கில கூப்பிடுறாகளே, மரியாதை தெரிஞ்ச நாடு" என்று சொல்லிக்கொண்டே போனேன். என் தலையில் ஒரு ரப்பர் தொப்பியை மாட்டினாள். கையில் நம்பர் எழுதினாள்.

"எனக்கு எதுக்கு நம்பர்? நசிமா, உன் பேரைக் கூப்பிடலையே?"

"எம்பேரை எப்படிக் கூப்பிடுவாக? நான் பதியவே இல்லையே."

"அப்ப பர்ஹத்து பதிஞ்ச பேரு?"

"உங்க பேருதான் மச்சான். முதல் நாள்ல இருந்தே."

மணலில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாம் ஒவ்வொன்றாக உறைத்தது. மாறாத ஓட்டம். சாத்தூர் சேவு. புளியங்கொட்டை. நான் பயிற்சியாளராம்! பழக்கப்பட்ட மாடு நான்!

"மாட்டேன்! நான் கடல்ல இறங்க மாட்டேன்! ஊருக்குப் போவோம், கிளம்பு!"

"'முடியலை'ன்னு சொல்றீகளா?"

வாய்வரைக்கும் வந்துவிட்டது. பரோட்டா போனால் போகட்டும், உயிர் முக்கியம் என்று நினைத்தேன். அவள் ஃபோனை எடுத்து நீட்டினாள். அடுத்த வருடக் காலண்டர். சைக்கிளோடு நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். கீழே கொட்டை எழுத்தில்: 'மலேசியக் கடலை நீந்தி வென்ற விருதுநகர் வீரர் சாபிர்!' மூலையில் நசிமா இல்லவே இல்லை.

"யா அல்லாஹ்! அடிச்சாச்சா?"

"அடிச்சு, மேல தகரப் பட்டை கட்டி, லோடு ஏத்தியாச்சு. நாம போயி இறங்குறதுக்குள்ள சாத்தூர், அச்சங்குளம், இருக்கன்குடி வரைக்கும் எல்லாக் கடையிலயும் தொங்கிரும். வருசம் முந்நூத்து அறுபத்தஞ்சு நாளும் சனம் உங்களைப் பாத்துத்தான் தேதி கிழிக்கும்."

சிவகாசிக்காரன் வருடம் பிறப்பதற்கு முன்பே வருடத்தை அச்சடித்துவிடுவான். அவனிடம் போய் என்னையும் அடிக்கச் சொல்லியிருக்கிறாள் படுபாவி! கோபத்தில் எழுந்தேன். கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அவள் கண்ணைப் பார்த்தேன். கண்ணீர் நிறைந்து நின்றது.

"உங்க கூடப்பொறந்த மூத்த காக்கா நல்லாத்தானே இருந்தாரு? நாப்பத்தெட்டு வயசு. கடையில உக்காந்தபடியே போயிட்டாரு. மதினி இன்னும் அந்த நாற்காலியை எடுக்கலை. உங்களை நடங்க நடங்கன்னு எத்தனை வருசம் கெஞ்சினேன்? கேட்டீகளா? பொண்டாட்டி சொன்னா நீங்க நடக்க மாட்டீக. பொண்டாட்டியைத் தோக்கடிக்கணும்னா பறப்பீக. எனக்கு வேற வழி தெரியலை மச்சான்."

 தொப்பியைக் காது வரைக்கும் இழுத்துவிட்டேன். பிஸ்மி சொல்லிக் கடலில் இறங்கினேன்.

எல்லாரும் நேராகப் போனார்கள். நான் இடது பக்கமாகத் திரும்பினேன். கிணற்றுப் பழக்கம்! அலையையும் மீறி உடம்பு தானாகத் திரும்புகிறது. புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றேன். கரையிலிருந்து நசிமா கத்தினாள்: "வலது பக்கம் மச்சான்! வலது பக்கம்!" படகில் இருந்த பாதுகாப்புக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் விஷயம் புரிந்துவிட்டது. என் இடது பக்கத்திலேயே படகை ஓட்டிக்கொண்டு வந்து, நான் திரும்பும்போதெல்லாம் துடுப்பைக் காட்டினார். அப்படியே நீந்திக் கரையேறினேன்.

சைக்கிளில் ஏறியதும் நான் ராஜா. சாத்தூர் ரோட்டில் எதிர்க்காற்றில் மிதித்தவனுக்கு மலேசிய ரோடு ஒரு ரோடா? ஓட்டத்தில்தான் கால் பின்னியது. வெயில் உச்சிக்கு வந்தது. அண்ணன் முகம் ஒரு தடவை கண்ணுக்குள் வந்தது. அவருக்கும் சேர்த்து ஓடினேன். கடைசி வளைவில் தடுப்புக்கு அந்தப் பக்கம் நசிமா என்னோடு ஓடி வந்தாள். ஆட்டோ இல்லாமல் அவள் அவ்வளவு தூரம் வந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். கோட்டைத் தாண்டினேன். கழுத்தில் மெடல் விழுந்தது. எனக்குப் பின்னால் மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரும் எந்த நாடு என்று எப்போது கேட்டாலும் சொல்வேன். நசிமா அழுதாள், சிரித்தாள், மாஷா அல்லாஹ் என்றாள். சத்தியமாகச் சொல்கிறேன், என் நிக்காஹ் அன்றைக்குக்கூட நான் அவ்வளவு நிமிர்ந்து நிற்கவில்லை.

பெருமை தலைக்கேறினால் புத்தியும் வரும். "நசிமா, உன்னால இந்தக் கடலை நீந்த முடியுமா?" என்றேன்.

"என்னால முடியாதுப்பா."

"சொல்லிட்ட! முடியாதுன்னு சொல்லிட்ட! பந்தயத்துல நாந்தான் ஜெயிச்சேன்!"

"ஆமா மச்சான். நீங்கதான் ஜெயிச்சீக" என்றாள்.

ஊர் வந்து சேர்ந்த சாயங்காலம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். நாலு எண்ணெய் பரோட்டா, மொறுமொறுவென்று, சால்னாவோடு. முதல் பரோட்டா சொர்க்கம். இரண்டாவது பாதியில் வயிறு போதும் என்றது. ஜெயித்த பரோட்டா தட்டில் கிடக்க, தின்ன மனம் இருந்தும் வயிறு இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். அப்போது அழகுராஜா அண்ணாச்சி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே வந்தார்.

"ஏலே சாபிரு, கேட்டியா கூத்தை? நம்ம வீட்டுக்காரி வீரலட்சுமி அடுத்த வருசம் மலேசியாவுக்குப் போறாளாம்! நீந்தப் போறாளாம், ஓடப் போறாளாம்! பொம்பளையத் தனியா விட முடியுமா? நானும் கூட ஓடுதேன்னு சொல்லிட்டேன். ஒரு வாரந்தாம்லே, கையத் தூக்கிருவா!"

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அடுப்படியிலிருந்து நசிமா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

"அருமையான யோசனை அண்ணாச்சி. மதினி ஒரு வாரம்கூடத் தாங்க மாட்டாக" என்றேன்.

அவர் மீசையைத் தடவிக்கொண்டு போனார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"பாவம் நசிமா அந்த மனுசன்! இனி அவருக்கு ஷூ வேற வாங்கணும்."

"அதெல்லாம் அண்ணாச்சி வீட்டு அக்கா போன வாரமே வாங்கி வச்சுட்டாக. ரெண்டு சோடி."

"ரெண்டு எதுக்கு? அக்காவும் ஓடுறாகளா?"

"அக்கா எதுக்கு ஓடுறாக? தனியா ஓடுனா அண்ணாச்சி பாதியில திரும்பிருவாராம்" என்று மிச்சப் பரோட்டாவை எடுத்துக்கொண்டே சொன்னாள் நசிமா. "இன்னொரு சோடி உங்க அளவு மச்சான்."