மூன்று தட்டு

மனைவியின் நேர்காணலுக்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போது, பிழைதிருத்துபவர் தன் வீட்டிலேயே ஒரு பிழையைக் கண்டுபிடித்தார்.

செய்தித்தாளுக்காக அவர் திருத்திக்கொண்டிருந்த கட்டுரையில் அது இருந்தது. ஒரு வகை வீட்டு ரவுட்டரில் ஓட்டை. பெயர் எழுதும் கட்டத்தில், பெயருக்குப் பின்னால் ஒரு கட்டளையையும் சேர்த்து எழுதிவிட்டால் போதும். யார், எவர் என்று கேட்காமல் ரவுட்டர் அதை நிறைவேற்றிவிடும். வீட்டு வைஃபை கிடைக்கிற எவரும் இப்படி உள்ளே புகுந்து அதை ஆட்டிவைக்கலாம். 'இதுவரை யாரும் இந்த ஓட்டையைப் பயன்படுத்தியதாகத் தகவல் இல்லை' என்று கட்டுரை முடிந்தது. அந்த வாக்கியத்தில் பிழை எதுவும் இல்லை என்று விட்டுவிட்டார்.

பிறகு மாடல் எண்ணைப் பார்த்தார். எழுந்து போய்க் கூடத்துச் சுவர்ப்பலகையில் இருந்த ரவுட்டரைப் பார்த்தார். அதே எண்.

அந்த ரவுட்டர் வாரத்துக்கு நாலு தடவை மூச்சை நிறுத்தும். அப்போதெல்லாம் அவர் பலகைக்குக் கீழே, சுவரில், விரல் முட்டியால் மூன்று தட்டு தட்டுவார். ரவுட்டரையே தட்டினால் வாரண்டி போய்விடும் என்பது அவர் கட்சி. இரண்டு நிமிடத்தில் உயிர் வந்துவிடும். இரண்டு வருடமாகத் தவறியதில்லை.

கைராசி என்று வீட்டில் ஒப்புக்கொண்டிருந்தார்கள். மாடிவீட்டு டெலிபோன் அக்காவும் ஒப்புக்கொண்டிருந்தார். தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள் அவசரத்துக்கென்று இவர்களின் வைஃபை கடவுச்சொல்லை வாங்கிக்கொண்டு போனதோடு சரி. இந்தக் காலத்து யந்திரமெல்லாம் அவருக்கு எங்கே புரியப்போகிறது என்று பிழைதிருத்துபவர் அவர்மேல் இரக்கம் வைத்திருந்தார்.

"இப்ப அதுல கை வைக்காதீங்க," என்றாள் மனைவி. மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே முட்டி வெளுத்த பைஜாமா. "நாலு மணிக்கு நெட்லதான் பேட்டி. அது முடியட்டும். அப்புறம் நீங்களாச்சு, அதாச்சு."

"ஓட்டைன்னு தெரிஞ்சப்புறம் எப்படிம்மா சும்மா இருக்கிறது?"

"வேலை போய் எட்டு மாசமா நான் சும்மா இருக்கல?"

அவள் அறைக்குள் போனதும் அவர் கை வைத்தார்.

ஓட்டையை அடைக்கும் புது மென்பொருளை ஓட்டை ரவுட்டர் வழியாகவே இறக்குவதா? கைபேசியில் இறக்கினார். அன்றைய டேட்டா அதோடு தீர்ந்தது. மனைவியின் போனில் எட்டு மாதமாக டேட்டாவே கிடையாது, சிக்கனம். பரவாயில்லை, ஓட்டை அடைபட்டது. பச்சை விளக்கு எரிந்தது. இருபது நிமிடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தார். இருபத்தோராவது நிமிடம் நெட் நின்றது.

மூன்று தட்டு தட்டினார். இரண்டு நிமிடம் ஆயிற்று. ஐந்து நிமிடம் ஆயிற்று.

மனைவியின் கொண்டையிலிருந்து ஓர் ஊசியைக் கேட்டு வாங்கி, ரவுட்டரின் பின்னால் இருந்த சின்னத் துளையில் அழுத்தினார். கொண்டை அவிழ்ந்தது. ரவுட்டருக்கு எல்லாம் மறந்துபோனது. வைஃபையின் பெயரும் கடவுச்சொல்லும்கூட. கம்பெனிக்குப் போன் செய்தார். புகார்களை இணையம் வழியே சுலபமாகப் பதிவு செய்யலாம் என்று ஒரு பெண் குரல் பதினேழு முறை சொன்னது. பதினெட்டாவது முறை ஓர் ஆள் எடுத்து, வேண்டிய விவரங்களைச் சொன்னார். பிழைதிருத்துபவர் புதிதாகப் பதினாறு எழுத்தில் கடவுச்சொல் போட்டார். மூன்று நாற்பதுக்கு நெட் வந்தது.

மூன்று ஐம்பத்திரண்டுக்கு நின்றது.

மனைவி அறையிலிருந்து வந்து அவர் பக்கத்தில் நின்றாள். அவர் சுவரில் மூன்று தட்டு தட்டினார். மறுபடி மூன்று. பிறகு உள்ளங்கையால் அறைந்தார். சுண்ணாம்பு உதிர்ந்து இஸ்திரி போட்ட சட்டைமேல் விழுந்தது.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. மூச்சு வாங்க டெலிபோன் அக்கா வந்து நின்றார். அவிழ்ந்த கொண்டையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். தன் கைபேசியை மனைவியிடம் நீட்டினார்.

"இதுல டேட்டா இருக்கு. உள்ள போய்ப் பேசும்மா. சட்டையை உதறிட்டுப் போ."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே மனைவி யாருக்கோ வணக்கம் சொல்வது கேட்டது. பிழைதிருத்துபவர் நாற்காலியில் சரிந்தார். தப்பு தன்மேல் இல்லை என்று யாரிடமாவது சொல்லியாக வேண்டியிருந்தது.

"ரவுட்டர்ல ஒரு ஓட்டைக்கா," என்றார். "பேர் எழுதற இடத்துல கட்டளை எழுதினா கேட்டுக்கும். உங்களுக்குப் புரியாது. யாரும் உள்ள வந்துடக் கூடாதேன்னு அடைச்சேன். அதுலருந்து என் கைராசியே போயிடுச்சு."

"அடைச்சுட்டீங்களா," என்று அக்கா எதிரே உட்கார்ந்தார். "பாஸ்வேர்டும் மாத்தியாச்சா?"

"பதினாறு எழுத்துக்கா."

அக்கா சுவரையும் பலகையையும் பார்த்தார்.

"ரெண்டு வருஷமா நீங்க மூணு தட்டு தட்டினதும், மேலருந்து நான்தானே தம்பி அந்த ஓட்டை வழியா உள்ள போய் அதை எழுப்பி விட்டேன்."