அம்மாவுக்கு ஒரு வக்காலத்து

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. குரல் போன ஒருத்தியின் கதையை உரக்கக் கத்திச் சொல்வது முறையில்லை. ஒரு தாய், அவள் பெற்ற ஒரு வாயாடி, ஒரே ஒரு பகல் பொழுது, அவ்வளவுதான் கதை. சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம். கடைசியில் வேறு ஏதாவது வந்தாலும் அடக்க வேண்டாம்.

தொலைபேசி மணி அடித்தபோது அந்தத் தாய் வெந்நீரைத் தொண்டையில் நிறுத்திக் கொப்பளித்துக்கொண்டிருந்தாள். துப்பிவிட்டு ஓடிவந்து எடுத்தாள். ‘ஹலோ’ சொல்ல வாயைத் திறந்தாள். சைக்கிள் டியூபில் பஞ்சர் ஆனதுபோல் காற்றுதான் வந்தது.

அவள் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்தப் பேருந்து எந்த மேடையிலிருந்து கிளம்புகிறது என்று ஒலிபெருக்கியில் கேட்குமே, அந்தக் குரல் அவளுடையது. சாயங்காலம் தொடங்கினால் ஊர் அடங்கும்வரை வேலை. கணவர் லாரி ஓட்டுகிறவர், பாதி நாள் சாலையிலேயே குடித்தனம். அவள் வீடு திரும்பும்போது மகன் மாடிவீட்டு அக்காவின் கட்டிலில் தூங்கிப் போயிருப்பான். தோளில் சாய்த்துத் தூக்கி வருவாள். “கதை” என்று தூக்கத்திலேயே கேட்பான். அவள் “ஒரு ஊர்ல” என்பதற்குள் குறட்டை வந்துவிடும். அந்த ஊரில் என்ன நடந்தது என்று அவனுக்கு இதுவரை தெரியாது.

இப்போது பகல் நேர அறிவிப்பாளர் ஓய்வு பெற்றுவிட்டார். நாற்காலி காலி. இன்று மதியம் அவள் ஒலிபெருக்கியில் பேச வேண்டும், மேலாளர் நின்று கேட்டு முடிவு சொல்வார். கிடைத்துவிட்டால் சாயங்காலமெல்லாம் மகனோடு இருக்கலாம். அந்த ஆசையில் சமையலறையில் நின்று விடாமல் பயிற்சி செய்தாள். செய்த பயிற்சியில் தொண்டை கட்டிக்கொண்டது.

முந்தின நாள் தொண்டையைப் பார்த்த மருத்துவமனையிலிருந்துதான் அழைப்பு. வேறு வழியில்லாமல் ரிசீவரை மகனிடம் நீட்டினாள்.

மகனுக்கு ஏழு வயது. தெருவில் அவனை எல்லோரும் வக்கீல் என்றுதான் கூப்பிடுவார்கள். குளிக்கச் சொன்னால், “நேத்துக் குளிச்சதுக்கு என்ன ஆச்சு?” என்று குறுக்கு விசாரணை செய்கிற ஆள்.

“வணக்கம். நான் அவங்க பையன். எங்கிட்டயே சொல்லலாம், ரெண்டாங்கிளாஸ் முடிச்சாச்சு” என்றான் வக்கீல்.

மறுபக்கம் நர்ஸ் ஏதோ சொல்ல, “ம்... ம்... வெந்நீர்... சரி” என்று கேட்டுக்கொண்டான். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி, கையால் வாயை மறைத்துக்கொண்டு ஒன்று கேட்டான். அம்மாவுக்குக் காதில் விழவில்லை. பதிலைக் கேட்டுத் தலையாட்டினான், ஏதோ முணுமுணுத்தான், ரிசீவரை வைத்தான்.

அம்மா புருவத்தை உயர்த்தினாள்.

“பயப்பட ஒண்ணுமில்லையாம். வெந்நீர் குடிக்கணும். மாத்திரை போடணும். சாயங்காலம் வந்து ஒரு தடவை காட்டணும்.” கொஞ்சம் நிறுத்தினான். “அப்புறம், நீ பேசக் கூடாது.”

“கொஞ்சம்கூடவா?” என்றாள் காற்றாக.

“இப்பப் பேசினியே, இதுகூடக் கூடாது. பேசினா குரல் போயிடும். போனா வராது.”

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கடிகாரத்தைக் காட்டினாள், வாசலைக் காட்டினாள், தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“வேலையா? அதுக்குத்தான் நான் இருக்கேனே” என்றான் வக்கீல்.

முதல் வழக்கு மாடிவீட்டில். பள்ளி விடுமுறை என்பதால் பையனை அக்காவிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போகவேண்டும். கதவைத் திறந்த அக்கா, “என்னம்மா, குரல் சரியாச்சா?” என்று கேட்டார்.

அவள் கழுத்தைத் தொட்டு, கையைக் குறுக்கே அசைத்து, இல்லை என்றாள்.

அக்கா ஒரு அடி பின்வாங்கினார். “என்ன, கழுத்தை அறுக்கிறேங்கிறியா? யாரு, நானா?”

“இல்லை பெரியம்மா. அம்மா இன்னைக்கு உங்ககிட்ட பேச மாட்டாங்க” என்று விளக்கினான் வக்கீல்.

“ஏன்? நேத்து மொட்டைமாடிக் கொடியில உங்க துணி என் துணி மேல சொட்டுச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னேனே, அதுக்கா?”

அம்மா பதறிக் கும்பிட்டுத் தலையை இருபுறமும் ஆட்டினாள்.

“அதுக்கு இல்லையாம்” என்றான் மகன். “அது வேற, இது வேற.”

“அப்போ வேற ஒண்ணு இருக்கா?”

“இருக்கு. சாயங்காலம்தான் தெரியும்.”

அம்மா அவன் வாயைப் பொத்தினாள். அக்காவுக்கு அது இன்னும் சந்தேகமாகிவிட்டது. “மனசுல வெச்சுக்கிட்டு வாயை மூடிக்கிறவங்களோட எனக்கு ஒட்டும் வேண்டாம், உறவும் வேண்டாம்” என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

“நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு. நீதான் நடுவுல வாயைப் பொத்திட்டே” என்றான் வக்கீல், மாடிப்படி இறங்கும்போது.

வேறு வழி? பையனையும் கூட்டிக்கொண்டு பேருந்து நிலையம் போனாள். பேருந்தில் உட்கார்ந்து, தொண்டை சரியில்லை, மருத்துவர் பேச வேண்டாம் என்கிறார், வேறு நாள் தர முடியுமா என்று ஒரு சீட்டில் எழுதிக்கொண்டாள். மேலாளர் கையில் கொடுத்தால் வேலை முடிந்தது.

ஆனால் மேலாளர் ஒரு இடத்தில் நிற்கிற மனிதர் இல்லை. அறிவிப்பு அறை வாசலிலேயே, “வந்தாச்சா, நல்லது. நான் வெளியில கூட்டத்தோட நின்னு கேட்கிறேன். முதல் பஸ் இப்பக் கிளம்புது, சொல்லுங்க” என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார். நீட்டிய சீட்டு அவள் கையிலேயே நின்றது.

கண்ணாடிக்கு வெளியே மேடைகள் நிரம்பி வழிந்தன. மூட்டையும் முடிச்சும் குழந்தையுமாக ஜனங்கள் தலையைத் தூக்கி ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலாம் மேடையில் பேருந்து உறுமியது.

இப்போது பேசாவிட்டால் நாற்காலி போய்விடும். பேசினால் குரல் போய்விடும். அவள் ஒருகணம் யோசித்தாள். குரல் போனாலும் பரவாயில்லை, பிள்ளையோடு இருக்கச் சாயங்காலம் வேண்டும் என்று தோன்றிவிட்டது. பொத்தானில் விரலை வைத்து வாயைத் திறந்தாள்.

ஒரு சின்ன உள்ளங்கை வந்து வாயை மூடியது.

“குரல் போயிட்டா அந்த ஊர்ல என்ன நடந்துச்சுன்னு யார் சொல்லுவா?” என்றான் மகன்.

கேட்டுவிட்டு அம்மா மடியில் ஏறி உட்கார்ந்து பொத்தானை அமுக்கினான்.

“பயணிகளின் அன்பான கவனத்திற்கு” என்று தொடங்கினான். தொடக்கம் சுத்தமாக இருந்தது. அம்மா சமையலறையில் சொல்லிச் சொல்லி அவனுக்கும் மனப்பாடம். அம்மா அவசரமாகச் சீட்டின் பின்புறம் எழுதிக் காட்டினாள். “நாலாம்... நாலாம் மேடையிலிருந்து... அம்மா, இது என்ன எழுத்து? கோழி கிளறின மாதிரி இருக்கு.”

வெளியே ஜனங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“சரி, நானே சொல்றேன். நீலக் கலர் பஸ் கிளம்பப் போகுது. டிரைவர் மாமா மீசை வெச்சிருப்பார். ஒண்ணுக்குப் போறவங்க இப்பவே போயிட்டு வந்துடுங்க, அப்புறம் வழியில அழக் கூடாது. அம்மாங்க எல்லாம் பிள்ளைங்களை ஒரு தடவை எண்ணிக்குங்க. அம்மா, கிள்ளாத, எண்ணத்தானே சொன்னேன்.”

பொத்தானிலிருந்து கையை எடுத்தான். கூட்டம் சிரித்தது, சிரித்துக்கொண்டே கிளம்பியது. அங்கேதான் வந்தது வினை. நாலாம் மேடையிலும் நீலப் பேருந்து, ஐந்தாம் மேடையிலும் நீலப் பேருந்து. இரண்டு ஓட்டுநர்களுக்கும் மீசை. பாதிப் பேர் இதில் ஏற, பாதிப் பேர் அதில் ஏற, ஏறினவர்கள் எட்டிப் பார்த்து மீசையைச் சரிபார்க்க, ஒரு பெரியவர் இரண்டு பேருந்துக்கும் நடுவில் பெட்டியோடு நின்றுவிட்டார்.

அம்மா கண்ணாடியைத் தட்டி ஐந்தாம் மேடையைக் காட்டி, இல்லை இல்லை என்று கையை ஆட்டினாள். வக்கீல் புரிந்துகொண்டான். திருத்தம் வெளியிட்டான்.

“மன்னிக்கணும். பெரிய மீசைதான் சரி. சின்ன மீசை இல்லை. சின்ன மீசை சும்மா நிக்குது.”

ஐந்தாம் மேடை ஓட்டுநர் எஞ்சினை நிறுத்தினார். இறங்கினார். மீசையை ஒரு தடவை தடவிவிட்டுக்கொண்டு அறிவிப்பு அறையை நோக்கி நடந்தார். எதிர்ப்பக்கத்திலிருந்து மேலாளர் ஓடிவந்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கதவில் இடித்துக்கொண்டார்கள்.

“யாருய்யா சின்ன மீசைன்னது?” என்றார் ஓட்டுநர்.

“கிட்டத்துல பார்த்தா பெரிசாத்தான் இருக்கு மாமா. தூரத்துல தப்பாத் தெரிஞ்சிடுச்சு” என்றான் வக்கீல். ஓட்டுநருக்குக் கோபம் பாதியில் நின்றுவிட்டது. கண்ணாடியில் தன் முகத்தைப் பக்கவாட்டில் பார்க்கத் தொடங்கினார்.

மேலாளர் அப்படி இறங்கி வருகிறவர் இல்லை. “இது பஸ் ஸ்டாண்டா, பாலர் பள்ளியா? உங்களை நம்பித்தானேம்மா நாற்காலியைக் காலியா வெச்சிருக்கேன்” என்றார்.

அவள் சீட்டை நீட்டினாள். அவர் கோழி கிளறிய பக்கத்தைப் படித்து முழித்தார், திருப்பி முன்பக்கத்தைப் படித்தார். முகம் கொஞ்சம் தணிந்தது.

“அம்மாவுக்குப் பகல் வேலை குடுங்க சார்” என்றான் பையன். “ராத்திரி வேலைன்னா நான் தூங்கினப்புறம்தான் வர்றாங்க. கதையில ஊர் மட்டும்தான் வருது, ஆளே வர மாட்டேங்குறாங்க. இப்பல்லாம் முழிச்சிருக்கத்தான் பார்க்கிறேன். கண்ணு கேட்க மாட்டேங்குது.”

சொன்னபோது அவன் முழங்கை பொத்தானின் மேல் இருந்திருக்கிறது. அது யாருக்கும் தெரியவில்லை. வெளியே சட்டென்று சத்தம் அடங்கியபோதுதான் தெரிந்தது. எல்லா மேடையிலும் ஜனங்கள் அசையாமல் நின்று ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெட்டியோடு நடுவில் நின்ற பெரியவர், “குடுத்துடுங்கப்பா” என்று யாரிடமோ சொன்னார்.

மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பொத்தானிலிருந்து முழங்கையை மெதுவாக எடுத்துவிட்டார். “இங்க பாருங்கம்மா. நான் கல்லு மனசுக்காரன் இல்லை. ஆனா பகல் பஸ் உங்க தொண்டைக்காகக் காத்திருக்காது. இன்னைக்குச் சாயங்காலம் லீவு எடுத்துக்குங்க. நாளைக்குக் காலையில குரலோட வந்தா நாற்காலி உங்களுது. வர முடியலைன்னா வேற ஆளைப் போட்டுத்தான் ஆகணும்.”

சாயங்காலம் மருத்துவமனை நீளப் பெஞ்சில் உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்குள் பேசலாம் என்று சொல்வார்களா? ஒரு வாரம் என்று சொல்லிவிட்டால்? பக்கத்தில் மகன் காலை ஆட்டிக்கொண்டு, “அந்த மாமா மீசை நிஜமாவே சின்னதுதான். பாவமேன்னு மாத்திச் சொன்னேன்” என்றான். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் சத்தமில்லாமல் செய்தாள். அவன் தலையைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டாள்.

மருத்துவர் தொண்டையில் விளக்கடித்துப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்று தலையாட்டிவிட்டு, மற்றதை நர்ஸ் சொல்லுவார் என்று அனுப்பிவிட்டார். நர்ஸ் மாத்திரையை எண்ணிக்கொண்டிருந்தாள். அம்மா ஒரு துண்டுத் தாளில், ‘நான் எப்போது பேசலாம்?’ என்று எழுதி நீட்டினாள். வக்கீலுக்கு அந்த நேரம் பார்த்து மூலையில் இருந்த எடை பார்க்கும் இயந்திரத்தில் ரொம்ப அக்கறை வந்துவிட்டது. அதில் ஏறி நின்று முள்ளையே உற்றுப் பார்த்தான்.

நர்ஸ் தாளைப் படித்தாள். அவளைப் பார்த்தாள். மறுபடியும் தாளைப் பார்த்தாள்.

“எப்பவும் பேசலாமே. யார் பேசக் கூடாதுன்னது? காலையிலேயே சொன்னேனே, மெதுவாப் பேசுங்க, வெந்நீர் குடிங்க, வேலைக்கும் போகலாம்னு.”

அம்மா மெல்ல மூலைப்பக்கம் திரும்பினாள். கதவைச் சாத்திய அக்கா, சின்ன மீசை, மேலாளர் முகம் எல்லாம் ஒருசேரக் கண்முன் வந்து போயின. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக வக்கீலிடம் வாதம் எதுவும் இல்லை. முள்ளும் அவனும் ஆடாமல் நின்றார்கள்.

“டேய்” என்றாள். கரகரப்பாக, ஆனால் குரலாகவே வந்தது.

நர்ஸ் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“திட்டாதீங்கம்மா. எல்லாம் சொல்லி முடிச்சப்புறம், ‘பேசினா அம்மாவுக்கு வலிக்குமா’ன்னு கேட்டான். இன்னைக்கு ஒரு நாள் கொஞ்சம் வலிக்கும்னேன். ‘அப்படின்னா அவங்களுக்கும் சேர்த்து நானே பேசிடறேன்’னு சொல்லிட்டு ஃபோனை வெச்சுட்டான்.”

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வாயாடி வளரட்டும், கண்ணுகளா. உங்கள் வலியை அவன் வாங்கிப் பேசட்டும், அவன் கேட்கிற கதையைக் கடைசிவரை சொல்ல உங்களுக்குப் பொழுதும் குரலும் குறையாமல் இருக்கட்டும்.