என் நிலவறையில் மூழ்கிய தளபதி

மெல்பரி வெல்ஸ்
6 பிப்ரவரி 1974, புதன்கிழமை

அன்புள்ள தங்கை வின்னிக்கு,

அண்ணன் ஹம்ஃப்ரி எழுதுவது. உன் மூட்டுவலி குறைந்திருக்கும், மாப்பிள்ளை எர்னஸ்ட்டின் புறாக்கள் சௌக்கியமாக இருக்கும் என்று நம்புகிறேன். இங்கே மழை நலம், கூரை ஒழுக்கு நலம், என் கோட்டில் பூஞ்சணம் மிக நலம். நான்தான் நலமில்லை. இந்தக் கடிதத்தை மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டாதே. சிரிப்பார்.

முப்பத்தொரு வருடம் வீடு வீடாகப் போய் எரிவாயு மீட்டர் பார்த்தவன் நான். அதில் காட்டிய எண்ணைத் தவிர வேறொன்றை என் வாய் சொன்னதில்லை என்பது உனக்குத் தெரியும். அப்படிப்பட்டவனைப் பிடித்து, போன செப்டம்பரில் எங்கள் பாரம்பரியக் குழுத் தலைவி பெட்டிஃபர் அம்மாள், "ஹம்ஃப்ரி, வழிகாட்டிக்குக் காய்ச்சல். நீங்க நாப்பது வருஷமா இங்கயே இருக்கீங்க, வெளியூர்லேர்ந்து வந்தவங்களுக்குப் பழைய ஊற்றுப் பேட்டையை ஒரு சுத்து சுத்திக் காட்டிடுங்க" என்று குடையைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஊற்று மண்டபம், தூண் வரிசை, பிரபுக்கள் உலாவிய நடைபாதை எல்லாம் பலகையைப் பார்த்துப் படித்துச் சமாளித்தேன். கடைசியில் என் வீட்டு வாசலிலேயே மழை பிடித்துக்கொண்டது. பதினோரு பேர் நனைந்துகொண்டு நிற்கிறார்கள். அதில் ஒரு மனிதர், "இந்த வீட்டுல என்ன விசேஷம்?" என்று கேட்டுத் தொலைத்தார். ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பதினோரு முகமும் அப்படி ஆவலாகப் பார்த்தன வின்னி, என்னை யாரும் அப்படிப் பார்த்ததே இல்லை. எதிரே சாமான் ஏற்றும் வண்டி ஒன்று நின்றது, அதில் ஸ்பார்கோ என்று எழுதியிருந்தது. "கடற்படைத் தளபதி ஸ்பார்கோ. ஏழு கடலிலும் மூழ்காதவர். வாத நோய்க்கு ஊற்றுநீரில் குளிக்க வந்தவர், இந்த நிலவறைத் தொட்டியில், இடுப்பளவுத் தண்ணீரில் மூழ்கிப்போனார்" என்றேன். என்றைக்கு என்று கேட்டார்கள். வாயில் வந்த தேதி என் பிறந்தநாள். பிப்ரவரி ஒன்பது. நான் ஜூலையில் பிறக்காமல் போனேனே!

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அதுவாவது மழைக்குக் கத்தியது. நான் மழையில் கத்தினேன். பெட்டிஃபர் அம்மாள் அதைத் துண்டறிக்கையில் போட்டார். பத்திரிகைக்காரர்கள் துண்டறிக்கையைப் பார்த்துப் போட்டார்கள். கிறிஸ்துமஸுக்குள் என் சுவரில், பெரிய மனிதர்கள் வாழ்ந்த வீடுகளுக்கு மாட்டும் நீலப் பலகை, முனைத் தேநீர்க் கடையில் 'தளபதி பன்', திராட்சை போட்டது. உளுத்துப்போன ஜன்னலை மாற்றலாம் என்று நகராட்சிக்கு எழுதினால், தளபதி வெளியே பார்த்த ஜன்னலைத் தொடக்கூடாது என்று பதில். அந்த ஜன்னலை நம்ம மாமா பொருத்தினார் வின்னி, நீதான் ஏணியைப் பிடித்தாய்! நிலவறையில் கரி கொட்டக்கூடாது, அது நினைவிடமாம். இந்தக் குளிரில் கரியை அடுப்படியில் குவித்துவிட்டு, நான் அதன் மேல் ஏறி முட்டை வேகவைக்கிறேன்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஜனவரியில் ஃபால்மத் துறைமுகத்திலிருந்து ஒரு அம்மாள் வந்து கதவைத் தட்டினார். திறந்துதான் இருக்கிறது, வாருங்கள் என்று நாற்காலியிலிருந்தே குரல் கொடுத்தேன். அறுபது வயதுக்கு மேலிருக்கும், கறுப்புக் கோட்டு, கையில் வயலட் பூக்கள். "என் பேர் ஆட்ரி ஸ்பார்கோ. அவர் எங்க கொள்ளுத் தாத்தாவோட தாத்தா. குளிக்கப் போறேன்னு போனவர் திரும்பி வரவே இல்லன்னு வீட்ல சொல்வாங்க. முப்பது வருஷமாத் தேடறேன்" என்றார். நிலவறைக்கு இறங்கிப் போய், நான் துணி ஊறவைக்கும் தொட்டியின் முன் நின்று அழுதார். என் உள்பனியன் அதில் ஊறிக்கொண்டிருந்தது. அதைக் கவனிக்காதது போல அழுதார், எவ்வளவு நல்ல மனுஷி! பக்கத்துத் தெருவில் அறை எடுத்துத் தங்கிவிட்டார். செவ்வாய்தோறும் பூவோடு வருகிறார். நான் தேநீர் போடுகிறேன். என் மார்கரெட் போன பிறகு அந்த இரண்டாவது கோப்பையை நான் வெளியே எடுத்ததே இல்லை.

இப்போது வருகிற சனிக்கிழமை, ஊற்று மண்டபத்துப் பழைய குளத்தில் தளபதி மூழ்கும் காட்சியை நடித்துக் காட்டப் போகிறார்களாம். தளபதி யார்? நான்தான். தண்ணீர் பனிக்கட்டி, வாடை அழுகிய முட்டை. நேற்றுக் காலை பெட்டிஃபர் அம்மாளிடம் ஓடி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

"ஐயோ, மெதுவாப் பேசுங்க ஹம்ஃப்ரி" என்று கதவைச் சாத்தினார். "இந்தத் தண்ணியக் குடிச்சு இன்னிக்கு வரைக்கும் எவனுக்காவது வாதம் போயிருக்கா? ராஜா தங்கின ஓட்டல்ங்கறாங்களே, அவர் குதிரை மாத்தத்தான் அங்க நின்னாரு. தூணெல்லாம் பளிங்கா? உள்ள செங்கல், மேல சுண்ணாம்பு. இருநூறு வருஷமாப் பேட்டை நிக்குதா இல்லையா? அந்த மாதிரி உங்க தளபதியும் நிப்பாரு."

"அவர் மூழ்கிட்டாரேம்மா!" என்றேன்.

"அப்ப சனிக்கிழமை நல்லா மூழ்குங்க" என்று வாசலைக் காட்டினார்.

சரி, அந்த அம்மாளிடமாவது சொல்லிவிடலாம் என்று சாயங்காலம் மிஸ் ஸ்பார்கோவின் அறைக்குப் போனேன். வாயைத் திறப்பதற்குள் ஒரு சின்னப் பெட்டியை நீட்டினார். உள்ளே பித்தளைப் பொத்தான், நங்கூரம் பொறித்தது. "அவரோட சட்டைப் பொத்தான். அவர் இருந்த வீட்லயே இருக்கட்டும், மிஸ்டர் கோல்பி" என்றார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நான் மனிதனா? அந்தப் பொத்தான் இப்போது மேசையில் இருக்கிறது. அதை நேராகப் பார்க்க முடியாமல் அதன் மேல் கோப்பையைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

ஆகவே தங்கச்சி, உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை. வெள்ளிக்கிழமைக்குள், உனக்கு உடம்பு மோசம், உடனே புறப்படு என்று ஒரு தந்தி அடி. எந்த நோயாக இருந்தாலும் சரி, ஊற்றுநீர் குடித்தால் குணமாகும் என்று இவர்கள் சொல்லாத நோயாகப் பார்த்துப் போடு. உன் பின்கட்டு அறையில் புறாக்களோடு மிச்சக் காலத்தைக் கழித்துவிடுகிறேன்.

மாப்பிள்ளைக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு முத்தங்கள். கடவுள் உங்கள் எல்லோரையும் உலர்வாக வைத்திருக்கட்டும்.

மீளாத் துயரில்,
ஹம்ஃப்ரி

பி.கு.: தந்தி அடிக்காதே. அதற்குப் பதிலாக மாப்பிள்ளையின் கம்பளிக் காற்சட்டையை, நீளமானதை, விரைவுத் தபாலில் அனுப்பு. உறையைப் பிரித்துத் தேநீர்க் கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தபால் பெட்டி அருகே மிஸ் ஸ்பார்கோ எதிரே வந்தார். என்னால் தாங்க முடியவில்லை, வண்டியில் பெயர் பார்த்ததிலிருந்து எல்லாவற்றையும் நடுத்தெருவில் கொட்டிவிட்டேன். அவர் கையுறையைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். பிறகு, "எங்க வம்சத்துல யாரும் படகுகூட ஏறினதில்ல. அப்பா ரொட்டிக்கடை வச்சிருந்தார். பாலத்துல நடந்தாலே அவருக்குத் தலை சுத்தும். பொத்தான் சந்தையில வாங்கினது" என்றார். பல் வைத்தியரின் வாசலில் காத்திருந்தபோது பத்திரிகையில் தன் பெயரைப் பார்த்தாராம். "அறுபத்து மூணு வயசாச்சு மிஸ்டர் கோல்பி. நான் உள்ள வந்தா ஒருத்தரும் எழுந்து நின்னதில்ல. முதல் நாள் நான் பேரைச் சொன்னதும் நீங்க சட்டுன்னு எழுந்து நின்னீங்க. அப்புறம் எப்படி ஊருக்குத் திரும்பிப் போறது?" இப்போது எதிரே உட்கார்ந்து தளபதி பன் தின்றுகொண்டிருக்கிறார். சனிக்கிழமை கரையில் துண்டோடு நிற்பதாகச் சொல்கிறார். அன்றைக்கு நான் பயத்தில்தான் எழுந்தேன் என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. ஒரே நாளில் எத்தனை உண்மையைத்தான் சொல்வது, நீயே சொல்.