ஃபிளெக்ஸில் ஒதுங்கிய கண்

குமாரபாளையம் பஸ் ஸ்டாண்டு எதிரே பிறந்தநாள் ஃபிளெக்ஸைக் கட்டிவிட்டு ஆட்கள் ஏணியை மடக்கியபோதுதான் தமிழ்ச்செல்வி பார்த்தாள். படத்தில் மகள் தேவிப்ரியாவின் வலது கண் காதுப் பக்கம் ஒதுங்கியிருந்தது.

பிறந்ததிலிருந்து மூக்குப் பக்கம் சாய்ந்திருந்த மாறுகண் அது. சேலத்து டாக்டரம்மா உஷாராணி கண்ணை மூடி மாட்டினால் உள்ளே படம் ஓடுகிற விஆர் கண்ணாடி ஒன்றைக் கொடுத்து, இரண்டு கண்ணும் சேர்ந்து பார்த்தால்தான் மீன் சிக்குகிற விளையாட்டை ஆடச் சொன்னார். பிள்ளை அழுதுகொண்டே ஆடி, கண்ணை நேராக்கிக்கொண்டாள். ஆபரேஷனே வேண்டாமென்று ஆனது. அந்தப் பெருமை தாங்காமல்தான் இவ்வளவு பெரிய ஃபிளெக்ஸ்.

"வெளையாட்டு அளவுக்கு மிஞ்சிப்போச்சாட்ட இருக்குதுங்க," என்றாள் கணவன் பாலசுந்தரத்திடம்.

அவர் தறியை நிறுத்திவிட்டு வந்து மகளைச் செல்போனில் படமெடுத்தார். "இதுல நேராத்தான இருக்குது?"

"போன்ல என்னங்க தெரியும்? அது ஸ்டுடியோ கேமரா. அதுக்குப் பொய் சொல்லி என்ன ஆகோணும்?"

போன கண் வந்த வழியே திரும்பட்டுமென்று, விஆர் கண்ணாடியைப் பிள்ளைக்குத் தலைகீழாக மாட்டிவிட்டாள்.

"அம்மா, மீனெல்லாம் மல்லாக்க நீந்துது."

"பரவால்ல சாமி, புடி."

தலை சுற்றித் தின்ற இட்லியெல்லாம் வெளியே வந்ததுதான் மிச்சம். இனிக் கண்ணாடிப் பக்கமே வரமாட்டேனென்று தேவிப்ரியா கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். அவளை இழுத்துக்கொண்டு சேலத்துக்குப் பஸ் ஏறினாள் தமிழ்ச்செல்வி.

டாக்டரம்மா ஒவ்வொரு கண்ணாக மூடித் திறந்து சோதித்தார். "நூல் புடிச்ச மாதிரி நேரா இருக்கும்மா. உங்க பொண்ணு சாதிச்சுட்டா."

அந்த நிமிடம் குளிர்ந்த மனசு பஸ்ஸில் மறுபடி அடித்துக்கொண்டது. டாக்டரம்மா எதையோ கவனிக்கவில்லையோ? இறங்கியதும் நேரே ஸ்டுடியோவுக்குப் போய், "ஃபிளெக்ஸ்ல கண்ணு சரியில்லீங்க, இன்னொரு போட்டோ எடுங்க," என்றாள்.

ஸ்டுடியோக்காரர் சந்திரசேகர் படமெடுத்து, உள்ளே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, பிரிண்ட்டோடு வந்தார். கண் முன்னைவிட இன்னும் காதுப் பக்கம் போயிருந்தது.

தமிழ்ச்செல்வி பெஞ்சில் உட்கார்ந்து அழுதேவிட்டாள். "ஆபரேஷன்தான் விதியாட்ட இருக்குது சாமி."

சந்திரசேகருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் பெருமையாகவே சொன்னார்: "ஏனுங்க அழுகறீங்க? பால்வாடியில இருந்தே பாப்பா கண்ண கம்ப்யூட்டர்ல காதுப் பக்கம் தள்ளி நேராக்கறது நாந்தானுங்க. ஃபிளெக்ஸ்ல சரியில்லைன்னீங்க, அதான் இந்த வாட்டி இன்னுங் கொஞ்சம் தாராளமாத் தள்ளியுட்டேன்."