மூத்த பயிற்றுநர் நானூற்றுப் பதினேழு

ஓர் அலுவலகத்தின் பெருமை, அதன் வாசலில் நிற்கும் உபயோகமற்ற பொருளைக் கொண்டு அளக்கப்பட்ட காலம் அது. ரயில்வேக்காரர்கள் தங்கள் வாசலில் நீராவி எஞ்சினை நிறுத்தினார்கள். துறைமுகக்காரர்கள் நங்கூரத்துக்கு வெள்ளையடித்துப் புல்வெளியில் கிடத்தினார்கள். அஞ்சலகம்கூட, வாய் துருப்பிடித்த தபால்பெட்டி ஒன்றைக் கண்ணாடிக் கூண்டில் ஏற்றிவிட்டது. தொழிற்பயிற்சித் துறையின் வாசலில் மட்டும் காவலாளி நின்றார். அவரும் பழையவர்தான், ஆனால் அவரைப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்க விதியில் இடமில்லை.

இந்த அவமானம் இயக்குநரின் தூக்கத்தைக் கெடுத்தது. பகல் தூக்கத்தைத்தான் சொல்கிறேன்.

அப்போதுதான் பழைய செய்தித்தாள் நறுக்கு ஒன்று அவர் கைக்கு வந்தது. நாற்பத்தொரு ஆண்டுகளுக்கு முன், மாணவர்கள் எஞ்சினைப் பிரித்துப் பழகட்டும் என்று, விமானப்படை தனது இரண்டு இருக்கைப் பயிற்சி விமானம் ஒன்றைத் துறைக்கு அன்பளிப்பாக அனுப்பியிருந்தது. அந்த விமானம் என்ன ஆயிற்று என்று எவருக்கும் தெரியவில்லை. ஆவண அறை எழுத்தரை இயக்குநர் அழைத்தார். அலுவலகம் முழுவதும் அவரைக் கோப்பக்கா என்றே அழைக்கும்.

"முப்பது நாள்ல விமானம் நம்ம வாசல்ல நிக்கணும்மா. இல்லைன்னா நீங்க எல்லைக் கிடங்குல நிப்பீங்க."

எல்லைக் கிடங்கு கோப்பக்காவுக்குப் புதிதல்ல. ஒன்பது ஆண்டுகள் அங்கே இருந்தவர். ரொட்டிக்கடை வைத்திருக்கும் கணவரும் மகளும் இந்த ஊரில்; அவர் ஆறு மணி நேரப் பேருந்துத் தொலைவில். இங்கே மாற்றலாகி வந்து ஏழு மாதம் ஆகிறது. "எப்பம்மா திரும்பிப் போறே?" என்று மகள் கேட்பதை நிறுத்தி மூன்று மாதம்தான் ஆகிறது.

தளவாடப் பதிவேட்டில் விமானம் இல்லை. வாகனப் பதிவேட்டில் ஒரு தள்ளுவண்டி இருந்தது. கழிக்கப்பட்ட பொருள்களின் பட்டியலில் நாற்பத்தாறு நாற்காலிகளும் ஒரு சுவர்க் கடிகாரமும் இருந்தன. காகிதத்தின்படி விமானம் வரவுமில்லை, போகவுமில்லை. வேண்டுமானால் ரொட்டி மாவிலே ஒன்று செய்து தருவதாகவும், சிறகு மட்டும் உப்பாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்றும் கணவர் சொன்னார். கோப்பக்கா சிரிக்கவில்லை. பெட்டியைக் கட்டில் அடியிலிருந்து எடுத்து, தூசி தட்டி, மறுபடி உள்ளே தள்ளினார்.

பதினெட்டாம் நாள் மூலக் கடிதம் கிடைத்தது. விமானப்படையில் பயிற்சி விமானத்தை ட்ரெய்னர் என்பார்கள். அவர்களும் சுருக்கமாக, "ட்ரெய்னர் ஒன்று, எண் 417, நல்ல நிலையில் அனுப்பப்படுகிறது" என்று எழுதியிருந்தார்கள். துறையில் அது தூய தமிழ் பொங்கி வழிந்த ஆண்டு. மொழிபெயர்ப்புப் பிரிவு அந்த வரியைப் பக்தியோடு பெயர்த்தது: "பயிற்றுநர் ஒருவர், எண் 417, நல்ல உடல்நிலையில் அனுப்பப்படுகிறார்."

ஆகவே கடிதம் தளவாடப் பிரிவுக்குப் போகவில்லை. பணியாளர் பிரிவுக்குப் போயிற்று. அங்கே விமானத்துக்குப் பணிப்பதிவேடு திறக்கப்பட்டது.

அதைக் கோப்பக்கா நின்றுகொண்டே படித்தார். மருத்துவச் சான்று: எடை ஆயிரத்து நானூறு கிலோ, உணவில் கட்டுப்பாடு தேவை, இதயத் துடிப்பு கேட்கவில்லை, மற்றபடி பணிக்குத் தகுதியுடையவர். மேலதிகாரியின் இரகசியக் குறிப்பு: அதிகம் பேசமாட்டார், எதிர்த்து வாதிடமாட்டார், எவரையும் விரித்த கைகளோடு வரவேற்பார். விடுப்பு: ஒரு நாள்கூட இல்லை. இத்தகைய ஊழியரை எந்தத் துறைதான் உயர்த்தாமல் விடும்? இளநிலையிலிருந்து முதுநிலை, முதுநிலையிலிருந்து தலைமை என்று அவர் படிப்படியாக ஏறியிருந்தார். பிறந்த தேதிக் கட்டம் காலியாக இருந்ததால் ஓய்வு மட்டும் பெற முடியவில்லை.

தற்போது பணியாற்றும் இடம்: தலைமையகம், பின்வளாகம்.

கோப்பக்கா படிகளில் இறங்கி ஓடினார். பின்வாசலில் காவலாளி நின்றிருந்தார்.

"விமானமா? நம்ம வண்டிக் கொட்டகையைச் சொல்றீங்களாக்கா?"

கொடி படர்ந்து, தார்ப்பாய் போர்த்தி, இருபது சைக்கிள்களுக்கு நிழல் தந்தபடி அது நின்றது. இடது சிறகின் கீழ் இயக்குநரின் கார் இருந்தது. மூன்று ஆண்டுகளாக அங்கேதான் நிறுத்துகிறார். மேலே நிமிர்ந்து பார்க்கும் வழக்கம் அவருக்கு இல்லை, அமைச்சகத்தை நோக்கி அல்லாமல்.

இயக்குநர் மகிழ்ந்தார். மறுநாளே அதை வாசலுக்கு இழுத்துவரக் கிரேன் சொல்லச் சொன்னார். கிரேனுக்கு முன்னால் பணியாளர் பிரிவுக் கண்காணிப்பாளர் வந்து சேர்ந்தார். வீட்டில் உப்பு குறைந்தால்கூட எந்த விதியின் கீழ் குறைந்தது என்று கேட்பவர் என்பதால், அவரை விதிப்புத்தகம் என்பார்கள். கையில் பணிமூப்புப் பட்டியல் இருந்தது.

"அவரை வாசல்ல நிறுத்த முடியாது சார். நம்ம துறையிலேயே மூத்தவர் அவர்தான்."

"யோவ், அது விமானம்யா."

"இருக்கலாம் சார். ஆனா விமானமா இருக்கிறது ஒழுங்கீனம்னு எந்த விதியும் சொல்லலை. மூப்புப்படி உங்க நாற்காலியே அவருக்குச் சேர வேண்டியது. இந்தப் பட்டியல் சரிதான்னு மூணு வருஷமா நீங்களே ஒப்பம் போட்டிருக்கீங்க."

"படிக்காமத்தான்யா போட்டேன்."

"'படித்துப் பார்த்து ஒப்பமிட்டேன்'னு மேல அச்சடிச்சிருக்கே சார். அப்போ பொய்க் கையெழுத்துன்னு எழுதிக்கட்டுமா?"

இயக்குநர் சட்டென்று தணிந்து, எல்லாவற்றுக்கும் காரணம் தோண்டி எடுத்த எழுத்தர்தான் என்று கண்டுபிடித்தார். கோப்பக்காவை எல்லைக் கிடங்குக்கு மாற்றும் ஆணையை அன்று மாலைக்குள் தட்டச்சு செய்யச் சொன்னார். தட்டச்சும் ஆயிற்று. ஆனால், நாற்காலி யாருடையது என்று தீரும்வரை அவர் எதிலும் கையெழுத்திட விதியில்லை என்று விதிப்புத்தகம் தாளைப் பிடித்து வைத்துக்கொண்டு, அமைச்சகத்துக்கு விளக்கம் கேட்டு எழுதினார். வழக்கமாக ஒன்றரை ஆண்டு எடுத்துக்கொள்ளும் அமைச்சகம் இம்முறை ஒன்பதே நாளில் பதில் அனுப்பியது. அவர்களும் படிக்கவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டாம்: "மூப்புப் பட்டியலின்படி நடவடிக்கை எடுக்கவும். மிகையாகும் அலுவலரைக் காலியிடத்தில் அமர்த்தவும்."

துறையில் காலியிடம் ஒன்றுதான் இருந்தது. எல்லைக் கிடங்கு. முன்னாள் இயக்குநரின் பெட்டியைப் பேருந்தில் ஏற்றக் காவலாளி உதவினார்.

கோப்பக்காவின் மாற்றல் ஆணை இன்றும் புதிய இயக்குநரின் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது. அவரே அதை வாரம் ஒருமுறை முறைப்படி விமானத்தின் முன்னிருக்கையில் வைத்து, மாலையில் முறைப்படி எடுத்துவிடுகிறார். மகள் ஒருநாள் பள்ளி விட்டு வந்து விமானத்தில் ஏறி உட்கார்ந்தாள். அம்மாவின் மேலதிகாரி மடியில் உட்கார்ந்த முதல் குழந்தை அவள்.

நிர்வாகத்தில் மாறுதல் எதையும் மக்கள் உணரவில்லை. உத்தரவுகளைக் காற்றில் பறக்கவிட்ட இயக்குநர்கள் பலர். தாமே காற்றில் பறந்த அனுபவமுள்ளவர் இவர் ஒருவரே. மேலும், முப்பது நாளில் மறுப்பு வராத மனு ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும் என்று பழைய விதி ஒன்று இருந்தது. புதிய இயக்குநர் எதையும் மறுக்காததால் மனுக்களெல்லாம் ஏற்கப்பட்டன. சும்மா இருந்தாலே காரியம் நடந்துவிடும் என்று பலகை எழுதி வைத்தார்கள்.

பலகையை யாரும் நம்பவில்லை. மறுவாரமே விமானி இருக்கையில் மூன்று பரிந்துரைக் கடிதங்களும் ஒரு பழக்கூடையும் இருந்தன. சிறகின் நிழலில் வரிசை நீண்டது. முப்பது நாள் பொறுக்க மாட்டாமல் இருபதாம் நாளே வந்து நின்ற ஒருவர், இயந்திர முகப்பை மரியாதையோடு எட்டிப் பார்த்துவிட்டு, பின்னால் நின்றவரிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"ஐயா தங்கமான மனுஷன். சுத்தி இருக்கிறவங்கதான் சரியில்லை."