கொம்பையன் போனைச் சுத்தம் செய்த கதை

ஒரு காட்டில், ஏறி நின்றால் மட்டும் டவர் கிடைக்கிற பாறை ஒன்றுக்குப் பக்கத்தில், கொம்பையன் என்ற கடமான் குடியிருந்தான். நல்ல உடம்பு, கிளைவிட்ட கொம்பு. மனசு மட்டும் எப்போதும் எதையோ எங்கேயோ வைத்துவிட்டு வந்த மாதிரியே இருக்கும். மேயும்போது தண்ணீரைப் பற்றிக் கவலைப்படுவான். தண்ணீர் குடிக்கும்போது புலியைப் பற்றிக் கவலைப்படுவான். புலியைக் கொஞ்ச நாள் காணவில்லையென்றால், ஏன் காணவில்லை என்று கவலைப்படுவான்.

அந்தக் காட்டில் முன்பு ஒரு ஏற்பாடு இருந்தது. ஓடைக்கரை மருதமரத்து உச்சியில் மந்தி ஒருவன் காவல் இருப்பான். புலி கிளம்பினால் தொண்டை கிழியக் கத்துவான். கீழே இருப்பவர்கள் ஓடுவார்கள். இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதனால் மாற்றிவிட்டார்கள்.

எல்லார் கழுத்திலும் கொடியில் கட்டிய போன் தொங்க ஆரம்பித்ததும், கத்துவது அநாகரிகம் என்றாகிவிட்டது. ‘உஷார்’ என்று ஒரு ஆப் வந்தது. இப்போது காவலில் இருப்பவன் வைரவன் என்ற மந்தி. புலியைப் பார்த்தால் ஒரு பொத்தானை அழுத்துவான். காட்டிலுள்ள போன்கள் எல்லாம் அலறும். மற்ற நேரத்தில் வைரவன் கிளையில் மல்லாந்து படுத்து ரீல்ஸ் பார்ப்பான். கத்திக் கத்திக் காய்ப்பேறிய தொண்டை, வேலையில்லாமல் குழைந்துபோய்விட்டது.

எல்லாருக்கும் நல்லபடியாகத்தான் போனது, கொம்பையனைத் தவிர. அவன் போன் நத்தை. புலி வந்து, பக்கத்தில் நின்ற ஒருத்தனைத் தின்று, ஏப்பம் விட்டு, நாக்கால் மீசையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிப் போன பிறகு, “உஷார்! புலி!” என்று அலறும். இரண்டு முறை இப்படித் தப்பித்தான். இரண்டு முறையும் பக்கத்தில் வேறொருத்தன் இருந்ததுதான் காரணம்.

“மூணாவது தடவை பக்கத்துல யாரும் இல்லேன்னா?” என்று பெண்டாட்டி பூவாயியிடம் கேட்டான்.

பூவாயி வாயிலிருந்த புல்லை மென்று முடித்துவிட்டுச் சொன்னாள்: “ஒங்க பெரியப்பா தினம் அனுப்புற காலை வணக்கத்தை மொதல்ல அழிங்க. பூவும் சூரியனும் பச்சைக்கிளியுமா, போன் ரொம்பி வழியுது. அப்புறம் ஒரு தடவை அணைச்சுப் போடுங்க. எல்லாம் சரியாயிரும்.”

“பெரியப்பா அனுப்புனதை அழிக்கவா? அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவர்கூட மேயப் போறது?”

“அழிச்சது அவருக்கு எப்படிங்க தெரியும்?”

“தெரியும். பெரியப்பாவுக்கு எல்லாம் தெரியும்.”

“சரி, அணைச்சாவது போடலாம்ல?”

“அணைச்ச நேரம் பார்த்துப் புலி வந்தா?”

“இப்ப மட்டும் அது வாரப்ப சொல்லிட்டா கெடக்கு?” என்று கேட்டுவிட்டுப் பூவாயி அடுத்த புல்லுக்குப் போய்விட்டாள்.

அப்போதுதான் மூக்கன் வந்தான். காட்டுப்பன்றி. சேற்றிலிருந்து நேராக எழுந்து வந்திருந்தான். ஆனால் பேச வந்தது சுத்தத்தைப் பற்றி.

“அண்ணே, ‘பளிச்’னு ஒரு கிளீனர் ஆப் இருக்கு. போனுக்குள்ள இருக்குற குப்பையை எல்லாம் கூட்டித் தள்ளிருது. நான் போட்டேன், போன் சும்மா பறக்குது.”

“பறக்குதுன்னு எப்படிடா தெரியும்?”

“அதுவே சொல்லுது அண்ணே.”

கொம்பையனுக்கு இது நியாயமாகப் பட்டது.

மூக்கன் போனதும் பாறைமேல் ஏறி நின்று பளிச்சை இறக்கினான். படம் பார்க்க அனுமதி கேட்டது. பேச்சைக் கேட்க அனுமதி கேட்டது. எங்கே மேய்கிறான், எங்கே படுக்கிறான் என்று தெரிந்துகொள்ள அனுமதி கேட்டது. பூவாயிக்கே இதெல்லாம் முழுதாகத் தெரியாது. கொம்பையன் மூக்கால் பச்சைப் பொத்தானைத் தொட்டுக்கொண்டே போனான். பச்சையாக இருப்பது எதுவானாலும் வாயை வைத்துவிடுவது மான்களின் பழக்கம்.

திரை சிவந்தது. “ஐயையோ! உங்கள் போன் பெரும் ஆபத்தில் இருக்கிறது!”

கொம்பையனுக்குக் கண் கலங்கிவிட்டது. பயத்தால் அல்ல. பிறந்ததிலிருந்து அவன் எதற்குக் கவலைப்பட்டாலும், அதெல்லாம் ஒன்றுமில்லை, போய்ப் படு என்றுதான் எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். முதல் முறையாக ஒருத்தர், ஆமாம், ஆபத்துதான் என்று சொல்கிறார். எவ்வளவு ஆறுதல்!

பளிச் கேட்டது: “‘உஷார்’ என்ற ஆப் பின்னணியில் வீணாக ஓடிக்கொண்டே இருக்கிறது. நிறுத்தவா?” பொத்தான் பச்சையாக இருந்தது. தொட்டான்.

“ஓடைக்குப் போகும் வழி சேமிக்கப்பட்டுள்ளது. குப்பை. அழிக்கவா?” அதையும் தொட்டான்.

திரையில் ஒரு விளக்குமாறு வந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கூட்டியது. கீழே ஒரு பச்சைக் கோடு வளர்ந்தது. பாதி ஆனது. முக்கால் ஆனது. தொண்ணூற்றொன்பதில் வந்து நின்றது. நின்றது என்றால் அப்படியே நின்றது. கொம்பையன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். தலையில் ஒரு வண்டு வந்து உட்கார்ந்தது, விரட்டவில்லை. கடைசியில் நூறு வந்தபோது அவனுக்கு முதுகுத்தண்டில் ஏற்பட்ட சுகம், உப்புப்பாறையை நக்கும்போதுகூட ஏற்பட்டதில்லை.

“வாழ்த்துகள்! உங்கள் போன் இப்போது காற்றைப்போல வேகம்!”

“பூவாயி! காத்து மாதிரி ஆயிருச்சாம்!”

“என்ன செய்யுது?”

“இப்ப ஒரு விளம்பரம் ஓடுது. அது சீக்கிரம் ஓடுது பாரு!”

மறுநாள் சாயங்காலம் தண்ணீர் குடிக்கக் கிளம்பினான். பிறந்ததிலிருந்து போய்வருகிற ஓடைதான். ஆனால் மேப் பார்க்காமல் போய் அவனுக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. வழியை அழித்துவிட்டதால் போன் அதை ஆதியிலிருந்து தேடியது. புற்றைச் சுற்றி ஒரு முறையும் மூங்கில்புதரைச் சுற்றி இரண்டு முறையும் வந்த பிறகு, தண்ணீர் வாசனை பிடித்து ஓடையை அடைந்தான்.

அடைந்தவனுக்கு ஒரே ஆச்சரியம். கரையில் ஒருத்தர் இல்லை. வழக்கமாக இந்த நேரத்தில் எருமைக் கூட்டமும் நரிகளும் முள்ளம்பன்றிக் குடும்பமும் முட்டி மோதிக்கொண்டு நிற்பார்கள். இன்று காலடித் தடங்கள் மட்டும் இருந்தன, எல்லாம் கரையிலிருந்து வெளியே போகிறவை. சில தடங்களில் இன்னும் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.

‘நாம்தான் முதல்! போன் வேகமானதும் நாமும் வேகமாகிவிட்டோம்’ என்று நினைத்துக்கொண்டு, நிதானமாகத் தண்ணீரில் வாயை வைத்தான்.

மருதமரத்து உச்சியில் வைரவன் துடித்துக்கொண்டிருந்தான். புலி புதருக்கு அந்தப் பக்கம் பதுங்கியிருந்தது. எத்தனையோ முறை பொத்தானை அழுத்திவிட்டான். காடே காலியாகிவிட்டது, இந்த ஒருத்தனைத் தவிர. கொம்பையனுக்கு நேராகப் போன் போட்டான். மணி அடிக்கத்தான் செய்தது. ஆனால் திரை முழுக்கப் பளிச்சின் விளம்பரம் மறைத்துக்கொண்டிருந்தது. கொம்பு பளபளக்க ஒரு எண்ணெய். அந்தப் பாட்டுத்தான் கேட்கிறது என்று கொம்பையன் தலையை ஆட்டி ரசித்தான்.

வைரவன் கத்திப் பார்த்தான். குழைந்துபோன தொண்டையிலிருந்து எலிக்குஞ்சு கீச்சிட்ட மாதிரி ஒரு சத்தம் வந்தது. கைக்கு எட்டிய மருதங்காயைப் பறித்து எறிந்தான். அது கொம்பையன் முதுகில் பட்டது.

“வேணாம் மாப்ளே,” என்றான் கொம்பையன் நிமிர்ந்து பார்க்காமல். “வயிறு ரொம்பியிருக்கு. நீ சாப்புடு.”

அடுத்து முதுகில் விழுந்தது காய் அல்ல. புலி.

மல்லாக்க விழுந்த கொம்பையனின் நெஞ்சில் முன்னங்காலை ஊன்றிக்கொண்டு, புலியார் இன்னொரு காலால் தன் கழுத்திலிருந்த போனை எடுத்தார்.

“அசையாதே. வெளிச்சம் நல்லா விழுது.”

புலியார் படம் எடுத்து ஸ்டேட்டஸ் போடாமல் எந்தச் சாப்பாட்டிலும் பல் வைப்பதில்லை. அது காடறிந்த விஷயம்.

“ஐயா… நான் பிள்ளைகுட்டிக்காரன்…”

“வாயை மூடு. முகத்தை இயல்பா வச்சுக்க.”

புலியார் போனைத் தொட்டார். திரை சிவந்தது. ஐயையோ என்றது.

“சனியன்! மறுபடியுமா!” என்று உறுமினார் புலியார். “நேத்துச் சாப்பிட்டேனே ஒரு பன்னி, அவன் செஞ்ச வேலை. சாகப் போற நேரத்துல, ஐயா, ஒங்க போன் ரொம்ப மந்தமா இருக்கு, பளிச்னு ஒண்ணு இருக்கு, போடுங்க, பறக்கும்னு சொன்னான். நல்ல மனசுன்னு நெனச்சுப் போட்டேன்.”

“மூக்கனா ஐயா?”

“பேரெல்லாம் யாரு கேட்டா? மூக்கு பெருசா இருந்துச்சு.”

கொம்பையன் மூக்கனுக்காக ஒரு பெருமூச்சு விட்டான். புலியாரும் விட்டார், வேறு காரணத்தால். விளம்பரம் வந்துவிட்டது. அதை மூடுவதற்குத் திரையின் மூலையில் ஒரு பெருக்கல் குறி, எறும்பின் கண் அளவுக்கு. புலியார் பாதத்தை வைத்தார். பாதம் பாதித் திரையை மூடியது. பல் வெளுக்கும் பொடி விற்கும் கடை திறந்துகொண்டது. அதை மூடப் போனார். யானைகள் லூடோ விளையாடும் ஆப் ஒன்று தானாக இறங்க ஆரம்பித்தது.

“நேத்திலிருந்து இதே பாடு,” என்றார் புலியார். குரல் உடைந்திருந்தது. “பன்னியையும் படம் எடுக்க முடியல. படம் இல்லாமலே தின்னேன். தின்ன மாதிரியே இல்லை.”

கொம்பையனுக்குத் தன் கவலை மறந்துபோனது. அடுத்தவன் போனைச் சரிசெய்து கொடுக்கிற வாய்ப்பு வந்தால் யாருக்குமே தன் நிலைமை மறந்துபோகும்.

“ஐயா, பாதத்தால ஆகாது. கொம்பு நுனி வேணும். கொஞ்சம் காலை எடுத்தீங்கன்னா…”

புலியார் காலை எடுத்தார். கொம்பையன் எழுந்து உட்கார்ந்து, கொம்பின் கூர்நுனியால் பெருக்கல் குறியை மெல்லத் தொட்டான். விளம்பரம் மறைந்தது.

“அட!” என்றார் புலியார். “கையை… கொம்பைக் குடு!”

“இருங்க, சுத்தம் பண்ணவான்னு கேக்குது. பண்ணிருவோம். அப்பத்தான் படம் எடுக்க இடம் வரும்.”

விளக்குமாறு வந்தது. பச்சைக் கோடு வளர்ந்தது. தின்பவரும் தின்னப்பட வேண்டியவனும் தலையோடு தலை முட்ட உட்கார்ந்து பார்த்தார்கள். மரத்தின் மேல் வைரவனும் பயத்தை மறந்து, கிளையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு எட்டிப் பார்த்தான். பாதி. முக்கால். தொண்ணூற்றொன்பது.

நின்றது.

ஓடையில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. புலியார் கண் இமைக்கவில்லை. மீசை நடுங்கியது.

“வந்துரும்ல?” என்று மெதுவாகக் கேட்டார்.

“வந்துரும் ஐயா. கடைசி ஒண்ணுக்குத்தான் கொஞ்சம் யோசிக்கும்.”

கீழே பார்த்துக்கொண்டிருந்த வைரவனுக்குத்தான் முதலில் புத்தி வந்தது. நூறு வந்துவிட்டால் படம் எடுப்பார். படம் எடுத்துவிட்டால் சாப்பிடுவார். இருந்த மூச்சையெல்லாம் திரட்டினான். எங்கிருந்து வந்ததோ, அவன் முப்பாட்டன் தொண்டையே திரும்பி வந்த மாதிரி ஒரு சத்தம் வந்தது:

“ஓடுய்யா மாமா!”

கொம்பையன் யோசிக்கவில்லை. அவன் கால்கள் யோசித்தன. அந்தச் சத்தத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று மான் கால்களுக்குத் தெரியும். அதற்கு எந்த ஆப்பும் தேவையில்லை. ஒரே பாய்ச்சலில் ஓடையைத் தாண்டினான். தாண்டும்போது ஒரு தரம் திரும்பிப் பார்த்தான், உயிர்பயத்தால் அல்ல, நூறு வந்ததா என்று.

வரவில்லை. புலியார் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

மூச்சிரைக்க வந்து சேர்ந்தவனைப் பூவாயி நக்கி நக்கி ஆறுதல்படுத்தினாள். கதை முழுவதும் கேட்டாள்.

“பளிச் மட்டும் இல்லேன்னா இன்னைக்கு நான் செத்தேன் பூவாயி!”

“ஏங்க, அது இல்லேன்னா ஒங்க போன் லேட்டாவாச்சும் அலறியிருக்கும். ஓடைப்பக்கமே போயிருக்க மாட்டீங்க.”

“போகாம இருந்திருந்தா எப்படித் தப்பிச்சிருப்பேன்?”

பூவாயி வாயைத் திறந்தாள். பிறகு அதில் புல்லை வைத்துக்கொண்டாள்.

அவன் அசை போட்டபடி கண்ணயர்ந்ததும், அவள் மெல்ல அவன் போனைத் தன் பக்கம் இழுத்தாள். பளிச்சைத் தூக்கி எறிந்தாள். காலை வணக்கங்களை ஒன்று விடாமல் அழித்தாள். அணைத்துப் போட்டு, உஷாரைத் திரும்ப வைத்தாள். மறுநாள் போன் உண்மையிலேயே பறந்தது.

“பாத்தியா?” என்றான் கொம்பையன் பெருமையாக. “ஆப் இருக்குற இடமே தெரியல. இருக்குறதே தெரியாம வேலை பாக்குது!”

பெரியப்பா மட்டும் அன்றிலிருந்து அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

காட்டுக் குரூப்பில் கூட்டம் போட்டார்கள். பொது இடத்தில் காது வலிக்கக் கத்தியதற்காக வைரவனைக் கண்டித்தார்கள். கொம்பையன் தன் அனுபவத்தைச் சொன்னதும், எருமைகள், நரிகள், முள்ளம்பன்றிகள் எல்லாரும் பளிச்சை இறக்கிக்கொண்டார்கள். உஷார் அலறுவது அடியோடு நின்றது. காடு அமைதியானது. புலியார் குண்டானார்.

கொம்பையன் நன்றி மறவாதவன். விமர்சனப் பக்கத்துக்குப் போய், ‘உயிரைக் காப்பாற்றியது’ என்று எழுதி ஐந்து நட்சத்திரம் கொடுத்தான். அதற்கு மேலே புலியாரின் ஐந்து நட்சத்திரம் இருந்தது: ‘படம் எடுக்க விடுவதில்லை. ஆனால் சாப்பாட்டுக்குக் குறைவில்லை.’ அதற்கும் மேலே மூக்கன் கொடுத்துவிட்டுப் போன ஐந்து நட்சத்திரம், ‘சும்மா பறக்குது’ என்று, அப்படியே மின்னிக்கொண்டிருந்தது.

குறை சொல்லி ஒருவர்கூட எழுதவில்லை.

நீதி: கிளீனர் ஆப் போட்டால் போன் வேகமாக ஓடாது; போட்டவன்தான் ஓட வேண்டும். ஓடித் தப்பியவன் ஐந்து நட்சத்திரம் கொடுப்பான். தப்பாதவன் புகார் எழுத வரமாட்டான். ஆகவே, விமர்சனங்களைப் படித்துவிட்டு நம்பிக்கையோடு இறக்கிக்கொள்ளுங்கள்.